ஒட்டுவதற்கு முன் தின்ன வேண்டும்: பாக்டீரியா தன் முறிந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் விதம்

டிஎன்ஏவில் ஒரு காரம், அதாவது ஓர் எழுத்து, கெட்டுப்போனால் செல் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். ஒரு இழை மட்டும் அறுந்தால் இன்னும் சுலபம், பெரும்பாலும் லிகேஸ் நொதியே மூடிவிடும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். பார்த்து எழுத எதிர் இழை கிடையாது, முனைகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விலகிப் போகலாம். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு இருப்பது ஒரே வட்டக் குரோமோசோம், சுமார் 46 லட்சம் கார இணைகள். அதில் சரிசெய்யப்படாத ஒரே ஒரு ஈரிழை முறிவு இருந்தாலும் அந்தச் செல் பொதுவாகப் பிழைக்காது.

பழுதுபார்ப்பு என்றதும் இரண்டு முனைகளையும் பிடித்து ஒட்டுவதுதான் மனதில் வரும். மனித செல்களில் பெருமளவு நடப்பது அதுதான். ஈ.கோலையிடம் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. அது முறிந்த முனையிலிருந்து உள்நோக்கி ஆயிரக்கணக்கான காரங்களைத் தின்கிறது. ஓர் அடையாளம் வந்ததும் நிறுத்துகிறது. பிறகு செல்லுக்குள் இருக்கும் இன்னொரு நகலைத் தேடிப் பிடித்து, தின்றதையும் தொலைந்ததையும் அதைப் பார்த்துத் திரும்ப எழுதுகிறது. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால், பிசிஆர் முறையில் பெருக்கிய டிஎன்ஏ துண்டை ஈ.கோலைக்குள் செலுத்தினால் ஏன் காணாமல் போகிறது, மரபணுக் கத்தரியான காஸ்9 வெட்டினால் செல் ஏன் சாகிறது, குளோனிங்குக்கான ஈ.கோலை வகைகளில் ஏன் இந்தத் தேடலைச் செய்யும் ரெக்ஏ மரபணுவைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் தனித்தனி விளக்கம் தேவைப்படாது.

முறிவுக்குக் காரணம் என்றால் எக்ஸ் கதிரும் காமா கதிரும் சொல்லப்படும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டிஎன்ஏ கைரேஸ் நொதியை வெட்டிய நிலையிலேயே சிக்கவைத்து முறிவை உண்டாக்குகின்றன. பிளியோமைசின் குடும்பத்து மருந்துகள் நேரடியாகவே இழைகளை அறுக்கின்றன. ஆனால் எந்த மருந்தும் கதிரும் இல்லாமலே, சாதாரணமாக வளரும் செல்லிலும் முறிவு வரும். டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது இரு இழைகளும் பிரியும் இடமான இரட்டிப்பாதல் கவை ஓடிவரும் பாதையில் ஒற்றை இழை வெட்டு ஒன்று இருந்தால், கவை அங்கே வந்ததும் ஒரு கை கழன்று விழுகிறது. அப்போது கிடைப்பது ஒரே ஒரு முனை. ஒட்டுவதற்கு மறுமுனையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈ.கோலையின் பழுதுபார்ப்பு இயந்திரம் முதன்மையாக இந்த வகை முறிவுக்காகவே அமைந்தது என்பது என் கருத்து. அதற்கான தடயம் குரோமோசோமிலேயே இருக்கிறது, கீழே வருகிறது.

முனையைப் பிடிக்கும் இயந்திரம்

முறிந்த முனைக்கு முதலில் வருவது ரெக்பிசிடி. மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டு, மொத்தம் சுமார் 330 கிலோடால்டன். ஒரு செல்லில் பத்துப் பதினைந்து பிரதிகள் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் முனையை மிக இறுக்கமாகப் பற்றும். மொட்டையான முனை, அல்லது கிட்டத்தட்ட மொட்டையான முனைதான் அதற்குப் பிடிக்கும். ஒற்றை இழை வால் இருபத்தைந்து காரத்துக்கு மேல் நீண்டிருந்தால் பற்றுவது மோசமாகிவிடும்.

உள்ளே இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. டிஎன்ஏ இழை ஒவ்வொன்றின் இரு முனைகளையும் 5-பிரைம், 3-பிரைம் என்பார்கள். ரெக்பி ஒரு இழையில் 3-பிரைமிலிருந்து 5-பிரைம் திசையில் ஓடுகிறது, ரெக்டி மற்ற இழையில் 5-பிரைமிலிருந்து 3-பிரைம் திசையில் ஓடுகிறது. இழைகள் எதிரெதிராக அமைந்தவை என்பதால் இரண்டும் ஒரே பக்கம்தான் போகின்றன. உடல் வெப்பநிலையில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1000 கார இணை. ஒருமுறை ஏறினால் சராசரியாக 30,000 கார இணை வரை இறங்காமல் ஓடும். தொடக்கத்தில் ரெக்டி வேகமாக ஓடுவதால், ரெக்பிக்கு முன்னால் ஒற்றை இழை ஒரு வளையமாகத் திரண்டு நிற்கும்.

வெட்டும் வேலை ரெக்பியின் வால்பக்கம் உள்ள நியூக்ளியேஸ் பகுதிக்கு. வெட்டும் மையம் ஒன்றே, ஆனால் இரண்டு இழைகளையும் அது வெட்டும். முதல் கட்டத்தில் 3-பிரைம் முனையுள்ள இழை அடிக்கடி வெட்டுப்படும், மற்றது குறைவாக. ரெக்சிக்கு மோட்டாரும் இல்லை, வெட்டும் திறனும் இல்லை. அதற்குள் இருக்கும் குகை வழியாக 3-பிரைம் இழை நூலைப் போல ஓடும்போது, அதிலுள்ள எழுத்துகளைத் தடவிப் பார்ப்பதுதான் அதன் வேலை.

அது தேடுவது எட்டு எழுத்துகள்: ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி. கிரேக்க எழுத்தின் பெயரால் இதை கை-தளம் என்கிறார்கள். 1970-களில் ஃபிராங்க்ளின் ஸ்டால் குழு பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லாம்டா பாக்டீரியோபேஜில் (சுருக்கமாக பேஜ்) வேலை செய்தபோது கண்டறிந்தது. இயற்கையான லாம்டாவில் இந்த வரிசை ஒன்றுகூட இல்லை. சடுதிமாற்றத்தால் அது தோன்றிய பேஜ்கள் பெரிய பிளாக் (பாக்டீரியா அழிந்த தெளிந்த வட்டம்) கொடுத்ததால்தான் கண்ணில் பட்டது.

கை-தளம் ரெக்சியில் சிக்கியதும் இயந்திரம் சில நொடிகள் நிற்கிறது. மீண்டும் புறப்படும்போது ரெக்பி முன்னணி மோட்டார் ஆகிவிடுகிறது, வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. அதைவிட முக்கியமானது, வெட்டும் முறையே மாறிவிடுகிறது. 3-பிரைம் இழை இனி வெட்டுப்படாது. 5-பிரைம் இழை மட்டும் தொடர்ந்து அரைபடும். விளைவாக, கை-தளத்தில் முடியும் ஒரு நீண்ட 3-பிரைம் ஒற்றை இழை வால் வெளியே நீள்கிறது. அடுத்த கட்டத்துக்கு வேண்டிய பொருள் அதுதான்.

கை-தளத்தை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் வேலை செய்யாது. மேலே எழுதிய வரிசையின் வலப்பக்கத்திலிருந்து, அதாவது 3-பிரைம் பக்கத்திலிருந்து நொதி வந்தால் மட்டுமே தெரியும். சரியான பக்கத்திலிருந்து வந்தாலும் ஒவ்வொரு தளத்தையும் அது அடையாளம் காணும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம்தான். எனவே சராசரியாக மூன்று தளங்களைக் கடந்த பிறகே நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சோதனைக்காக ஒரே ஒரு கை-தளம் வைத்த துண்டைக் கட்டிவிட்டு, பாதிக்கும் மேல் மூலக்கூறுகள் அதைத் தாண்டிப் போய்விட்டனவே என்று குழம்புபவர்கள் உண்டு. நொதி கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான். மூன்று நான்கு தளங்களை அடுத்தடுத்து வைத்தால் விளைவு தெளிவாகத் தெரியும்.

இப்போது அந்தத் தடயம். எட்டு எழுத்து வரிசை ஒன்று தற்செயலாக ஈ.கோலை குரோமோசோமில், இரண்டு இழைகளையும் சேர்த்து, 140 முறை அளவுக்கு வர வேண்டும். உண்மையில் 1000-க்கும் சற்று அதிகமாக இருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே நோக்கில் நிற்கின்றன: கழன்று விழுந்த கவைக் கையிலிருந்து இரட்டிப்பாதல் தொடக்கப் புள்ளியை நோக்கித் தின்றுகொண்டு போகும் நொதிக்குத் தெரியும் நோக்கில். கவை உடைந்தால் அதைத் திரும்ப நிறுத்தவே இந்த ஏற்பாடு என்று நம்ப இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதே ஏற்பாடு எதிரியையும் காட்டிக்கொடுக்கிறது. உள்ளே நுழையும் பேஜ் டிஎன்ஏவுக்கு முனை இருக்கும், கை-தளம் பெரும்பாலும் இருக்காது. எனவே ரெக்பிசிடி நிற்காமல் தின்று தீர்த்துவிடும். பேஜ்களை எதிர்க்கும் கிரிஸ்பர் அமைப்பு தன் நினைவகத்துக்குப் புதிய துண்டுகளை எடுப்பதும் இந்தத் தின்னும் பகுதியில்தான் அதிகம். கை-தளத்தோடு அது நின்றுவிடுவதால் சொந்தக் குரோமோசோமிலிருந்து துண்டு எடுக்கும் ஆபத்து குறைகிறது.

சோதனைக்குழாயில் ரெக்பிசிடியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெக்னீசியத்துக்கும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபிக்கும் உள்ள விகிதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஏடிபி மெக்னீசியத்தைவிட அதிகமாக இருந்தால் நொதி இழைகளைப் பிரித்துக்கொண்டே போய், கை-தளத்தில் ஒரே ஒரு வெட்டு மட்டும் போடும். மெக்னீசியம் அதிகமாக இருந்தால் மேலே சொன்ன தின்னும் படம் வரும். கை-தளத்தில் வெட்டா, வெட்டும் முறை மாற்றமா என்று பல ஆண்டுகள் நடந்த வாதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு கரைசல்களுக்கு இடையிலான வித்தியாசம்தான். ஏடிபி கலக்கும்போது அது மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் எடுத்து, தனித்து மிஞ்சும் மெக்னீசியம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்ஏ: தேடும் இழை

வெளியே நீளும் ஒற்றை இழையை முதலில் மூடுவது எஸ்எஸ்பி என்ற புரதம். நான்கு அலகுகள் சேர்ந்த இதன் ஒரு கூட்டைச் சுற்றி 65 காரங்கள் அளவுக்கு இழை சுற்றிக்கொள்ளும். இழை தன்மேலேயே மடிந்து சிக்கிக்கொள்ளாமல் இது காக்கிறது, ஆனால் ரெக்ஏ உட்காருவதையும் தடுக்கிறது. ரெக்ஏ தானாக எஸ்எஸ்பியைத் தள்ளிவிட்டுத் தொடங்குவது மிக மெதுவாகவே நடக்கும். அதனால்தான் கை-தளத்தைக் கண்ட ரெக்பிசிடி, நீளும் இழையில் ரெக்ஏவைத் தானே ஏற்றிவிடுகிறது. முனை இல்லாத வெறும் ஒற்றை இழை இடைவெளிகளில் இந்த ஏற்றும் வேலையை ரெக்எஃப், ரெக்ஓ, ரெக்ஆர் என்ற மூவர் செய்கிறார்கள்.

ரெக்ஏ 352 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம், சுமார் 38 கிலோடால்டன். 1965-ல் ஆல்வின் ஜான் கிளார்க்கும் ஆன் டீ மார்குலிசும் மறுசேர்க்கை செய்ய முடியாத ஈ.கோலை சடுதிமாற்றங்களைப் பிரித்தெடுத்ததிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. ஒவ்வொரு ரெக்ஏவும் மூன்று காரங்களைப் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு ரெக்ஏ, 18 காரங்கள். இப்படி அடுக்கி உருவாகும் திருகில் டிஎன்ஏ தன் இயல்பு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இழுபடுகிறது. ஆனால் இழுப்பு சீரானது அல்ல. மூன்று மூன்று காரங்களாக இயல்பான வடிவில் நிற்க, அந்த மும்மைகளுக்கு இடையில்தான் நீட்சி. எதிர்வரும் இரட்டை இழையோடு மும்மை மும்மையாக ஒப்பிட்டுப் பார்க்க இந்த வடிவம் வசதி.

ஏடிபி பிணைந்தால் ரெக்ஏ இழையை இறுகப் பிடிக்கும், அது உடைந்து இரு பாஸ்பேட் உள்ள வடிவம் மிஞ்சினால் பிடி தளரும். தேடுவதற்கு உடைக்க வேண்டியதில்லை, பிணைந்தாலே போதும். உடைப்பது விட்டுவிலகவும், நீண்ட தூரத்துக்கு இழைமாற்றம் தொடரவும்.

46 லட்சம் கார இணைகளில் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எட்டுக் காரங்கள் பொருந்தாத இடத்தை உடனே விட்டுவிடும் என்பது ஒற்றை மூலக்கூறு ஆய்வுகளில் தெரியவந்தது. அதனால் பெரும்பாலான இடங்களில் நேரம் வீணாவதில்லை. 2021-ல் உப்சாலாவில் யோஹான் எல்ஃப் குழு உயிருள்ள செல்களில் அளந்தபோது, முறிவு முதல் பழுதுபார்ப்பு முடிவது வரை சராசரி 15 நிமிடங்கள், அதில் தேடல் 9 நிமிடத்துக்கும் குறைவு. ரெக்ஏ போர்த்திய மெல்லிய இழை செல்லின் நீளவாக்கில் கம்பி போல நீண்டுவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். இலக்கு எங்கே இருந்தாலும் கம்பியின் ஏதோ ஒரு புள்ளிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இலக்கு முப்பரிமாணத்தில் அலைய வேண்டியதில்லை, குறுக்குவாக்கில் அசைந்தாலே போதும்.

பொருந்திய இடத்தில் ரெக்ஏ இழை இரட்டை இழைக்குள் புகுந்து, ஒத்த இழையை ஒதுக்கித் தள்ளி, தான் இணை சேர்கிறது. உள்ளே புகுந்த 3-பிரைம் முனையே டிஎன்ஏ பாலிமரேசுக்குத் தொடக்கம். புகுந்த இடத்தின் வடிவத்தை பிரைஏ அடையாளம் கண்டு, பிரைபி, டிஎன்ஏடி, டிஎன்ஏசி வழியாக டிஎன்ஏபி ஹெலிகேசை ஏற்றிவிட, முழு இரட்டிப்பாதல் கவையும் அங்கே புதிதாக ஓடத் தொடங்குகிறது. பாடங்களில் பிரைஏ பெயர் அடிக்குறிப்பாகத்தான் வரும். ஆனால் அது இல்லாத செல்கள் நோஞ்சானாகத்தான் வளரும், தேடிக் கண்டுபிடித்ததில் பயன் இல்லாமல் போய்விடும்.

இரு டிஎன்ஏக்களும் பின்னிய நான்கு கைச் சந்திப்பை ரூவ்ஏ பிடித்துக்கொள்ள, இருபக்கமும் வளையமாக உட்காரும் ரூவ்பி மோட்டார்கள் அதை நகர்த்த, ரூவ்சி எதிரெதிர் இழைகளில் வெட்டிப் பிரிக்கிறது. ரூவ்சி எங்கே வேண்டுமானாலும் வெட்டாது. ஏ அல்லது டி, பிறகு இரண்டு டி, அடுத்து ஜி அல்லது சி என்ற வரிசையில்தான் அதற்கு விருப்பம், வெட்டு இரண்டாவது டிக்குப் பின். மிஞ்சும் வெட்டுகளை லிகேஸ் மூடும். ஈ.கோலையின் லிகேசுக்கு ஆற்றல் தருவது ஏடிபி அல்ல, என்ஏடி. டி4 பேஜின் லிகேசுக்கான, ஏடிபி கலந்த கரைசலை இதற்குப் போட்டுவிட்டு ஒட்டவில்லை என்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

வட்டக் குரோமோசோம்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. வெட்டு ஒரு விதமாக விழுந்தால் இரண்டு வட்டங்களும் சேர்ந்து ஒரே பெரிய வட்டமாகிவிடும், செல் பிரிய முடியாது. அதைப் பிரிக்கத்தான் டிஃப் என்ற 28 கார இணைத் தளமும் எக்செர்சி, எக்செர்டி நொதிகளும் இருக்கின்றன.

எஸ்ஓஎஸ்

ரெக்ஏ போர்த்திய இழை செல்லுக்கு ஓர் அபாய மணியும் கூட. அதற்குச் செல் தரும் பதிலைத்தான் எஸ்ஓஎஸ் என்கிறார்கள். லெக்ஸ்ஏ என்ற அடக்கிப் புரதம் அந்த இழையைத் தொட்டதும், 84-வது அலனினுக்கும் 85-வது கிளைசினுக்கும் இடையே தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். ரெக்ஏ அதை வெட்டுவதில்லை, வெட்டிக்கொள்ளத் தூண்டுகிறது. லெக்ஸ்ஏ போனதும் நாற்பது அளவிலான மரபணுக்கள் திறக்கின்றன. அவை திறக்கும் வரிசையில்தான் நயம் இருக்கிறது. லெக்ஸ்ஏ தளர்வாகப் பிடித்திருந்தவை, அதாவது யுவிஆர்ஏ போன்ற துல்லியமான பழுதுபார்ப்பு மரபணுக்கள், முதலில் திறக்கும். இறுக்கமாகப் பிடித்திருந்தவை கடைசியில். செல் பிரிதலை நிறுத்தும் சுல்ஏவும், பழுதைத் தாண்டி எழுதும் பிழை மிகுந்த பாலிமரேஸ் 5-ம் அந்தக் கடைசி வகை. முதல் வகையே வேலையை முடித்துவிட்டால் லெக்ஸ்ஏ மீண்டும் சேர்ந்து, மற்றவை திறக்காமலே போகலாம்.

பழுதுபார்ப்பு முடிந்ததும் சுல்ஏவை லான் என்ற புரோட்டியேஸ் அழிக்க வேண்டும். லான் இல்லாத செல், சற்றே புறஊதாக் கதிர் பட்டாலும் பிரிய முடியாமல் நூலாக நீண்டு சாகும். 1940-களில் எவலின் விட்கின் ஈ.கோலை பி வகையிலிருந்து கதிர்வீச்சைத் தாங்கும் பி/ஆர் வகையைப் பிரித்தெடுத்தார். பி வகைக்கு லான் இல்லை. பி/ஆர் பிழைத்ததற்குக் காரணம் அதில் சுல்ஏ கெட்டிருந்தது.

மற்ற பாக்டீரியாக்கள்

எல்லாமே ஈ.கோலை போல இல்லை. பாசில்லஸ் சப்டிலிசில் ரெக்பிசிடி இடத்தில் ஆட்ஏபி இருக்கிறது, அதன் அடையாளம் ஐந்தெழுத்து: ஏ-ஜி-சி-ஜி-ஜி. மைக்கோபாக்டீரியாக்களுக்கு முனைகளை நேரே ஒட்டும் வழியும் உண்டு. கூ என்ற புரதம் முனைகளைப் பிடிக்க, லிக்டி ஒட்டும். லிக்டியிலேயே பாலிமரேஸ் பகுதியும் இருப்பதால் முனையில் காரங்கள் கூடியோ குறைந்தோ ஒட்டுவது சகஜம். குரோமோசோம் ஒரே ஒரு நகலாக இருக்கும் நிலையில் பார்த்து எழுத வேறு நகல் இல்லாததால், பிழையோடு ஒட்டுவதே மேல். பாசில்லசின் உறங்கும் வித்திகளிலும் கூ-லிக்டி முக்கியமாவது இதனால்தான்.

டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் தனி ரகம். 1956-ல் ஆர்தர் ஆண்டர்சன் கதிர்வீச்சால் பதப்படுத்திய இறைச்சி டப்பாவிலிருந்து பிரித்தெடுத்தார். மனிதருக்கு 5 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) போதும் உயிர் போக, இது 5000 கிரேயைத் தாங்கும். 7000 கிரே அளவில் குரோமோசோம் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகிறது, சில மணி நேரத்தில் ஒட்டுமொத்தமும் சேர்ந்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால் இதில் ரெக்பியும் ரெக்சியும் இல்லை. ரெக்எஃப்ஓஆர் வழிதான். 2006-ல் மிரோஸ்லாவ் ராட்மன் குழு காட்டிய முறையில், பல நகல்களிலிருந்து வந்த துண்டுகளின் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிவதால், ஒரு துண்டு மற்றதை வார்ப்பாக வைத்து நீண்ட ஒற்றை இழைகளை எழுதுகிறது. அந்த நீண்ட வால்கள் ஒன்றோடொன்று இணை சேர்ந்து பெரிய துண்டுகளாகின்றன, கடைசியில் ரெக்ஏ வட்டத்தை முடிக்கிறது. செல்லுக்கு நான்கு முதல் பத்து வரை நகல்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது.

டிடிஆர்சி என்ற இன்னொரு புரதமும் அதனிடம் இருக்கிறது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2024-ல் விவரித்தபடி, அது டிஎன்ஏ மேல் அலைந்து ஒரு வெட்டைக் கண்டதும் ஒரு பக்கத்தால் பூட்டிக்கொள்ளும், மறுபக்கத்தால் இன்னொரு வெட்டைப் பிடிக்கும். துண்டுகள் சிதறாமல், முனைகள் மேலும் அரைபடாமல் நிற்கின்றன. ஈ.கோலைக்குள் இதைச் சேர்த்தால் புறஊதாவைத் தாங்கும் திறன் கூடுகிறது. ஆனாலும் டெய்னோகாக்கசின் வலிமையை டிஎன்ஏ பழுதுபார்ப்புப் புரதம் ஒன்றின் தலையில் கட்டுவது சரியல்ல. அதன் செல்லில் மாங்கனீசு அதிகம், இரும்பு குறைவு. கதிர்வீச்சில் பழுதுபார்க்கும் புரதங்களே கெடாமல் காப்பதில் அந்த மாங்கனீசுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆய்வக மேசையில்

பிசிஆர் துண்டு ஒன்றை ஈ.கோலைக்குள் செலுத்திக் குரோமோசோமில் சேர்க்க நினைத்தால், அந்தத் துண்டுக்கு இரண்டு முனைகள் உண்டு, கை-தளம் பெரும்பாலும் இல்லை. 2000 கார இணையைத் தின்ன ரெக்பிசிடிக்கு இரண்டு நொடி. லாம்டா பேஜின் காம் புரதம் டிஎன்ஏ உட்காரும் பள்ளத்தையே அடைத்துக்கொண்டு ரெக்பிசிடியை முடக்கும். அதோடு அதே பேஜின் எக்சோ, பீட்டா என்ற இரு புரதங்களும் சேர்ந்ததுதான் லாம்டா ரெட் முறை. பீட்டா இருப்பதால் ரெக்ஏ தேவையில்லை, இருபக்கமும் 36 முதல் 50 காரங்கள் ஒத்திருந்தால் போதும். இவற்றைத் தரும் பிகேடி46 பிளாஸ்மிட் (செல்லுக்குள் தனியாக இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) என்றால் 30 டிகிரியில் மட்டும் வளர்க்க வேண்டும், 37-ல் அது தொலைந்துவிடும். அரபினோஸ் சேர்த்து ஒளியடர்த்தி 0.5 தொடும்போது செல்களைப் பனிக்கட்டியில் வையுங்கள். காமை நீண்ட நேரம் ஓடவிட்டால் செல்லின் சொந்த முறிவுகளும் சரியாகாது, பிளாஸ்மிட்களும் சங்கிலியாக நீளும். வார்ப்புப் பிளாஸ்மிட் மிஞ்சியிருந்தால் பொய்யான காலனிகள் வரும், டிபிஎன்1 நொதி போட்டு அழியுங்கள். செல்சாறில் நேர்கோட்டு டிஎன்ஏ வைத்துப் புரதம் தயாரிப்பவர்களும் இதே தொல்லையைச் சந்திப்பார்கள். அங்கே காம் புரதத்தையோ, கை-தளங்கள் நிறைந்த சிறு டிஎன்ஏ துண்டுகளையோ சில மைக்ரோமோலார் சேர்த்து நொதியைத் திசைதிருப்பலாம்.

காஸ்9 கதையும் இதுவே. அது செல்லிலுள்ள எல்லா நகல்களையும் வெட்டுகிறது, பார்த்து எழுத எதுவும் மிஞ்சாது. சரியாகிவிட்ட நகலையும் மறுபடி வெட்டும். அதனால் ஈ.கோலையில் காஸ்9 மாற்றத்தை உண்டாக்கும் கருவி அல்ல, மாறாதவற்றைக் கொல்லும் சல்லடை. மாற்றத்துக்கான டிஎன்ஏவை லாம்டா ரெட்டோடு தனியாகக் கொடுக்க வேண்டும். பிழைத்த காலனிகளில் வழிகாட்டி ஆர்என்ஏவோ காஸ்9 மரபணுவோ கெட்டுப்போனவை கணிசமாக இருக்கும் என்பதால், காலனி பிசிஆர் செய்யாமல் எதையும் நம்ப வேண்டாம்.

குளோனிங்குக்கு டிஎச்5ஆல்ஃபா போன்ற வகைகளில் ரெக்ஏ1 இருப்பது, ஒத்த வரிசைகள் தங்களுக்குள் சேர்ந்து பிளாஸ்மிடைச் சுருக்கிவிடாமல் இருக்க. பிஎல்21-ல் ரெக்ஏ நன்றாகவே இயங்கும், எனவே பிளாஸ்மிடை அதில் சேமிக்காதீர்கள். ரெக்ஏ இல்லாவிட்டாலும் குறுகிய மறுவரிசைகள் இரட்டிப்பாதலின்போது வழுக்கித் தொலையலாம். வைரஸ் வெக்டர்களை 30 டிகிரியில், அதிக நேரம் ஊறவிடாமல் வளர்ப்பது அதனால்தான். ரெக்ஏ வகைகள் மெதுவாக வளர்வதற்கு ஒரு காரணம் நேரே புரியும். ரெக்ஏ இல்லாதபோதும் ரெக்பிசிடி தின்கிறது, திரும்ப எழுதத்தான் ஆளில்லை. இந்த அடங்காத சிதைவால் குரோமோசோமே இல்லாத செல்கள்கூட அந்த வளர்ப்பில் தென்படும். ஒளியடர்த்தி காட்டும் அளவுக்குக் காலனிகள் வராததற்கும் இதுவே காரணம்.

ரெக்ஏவை நேரில் பார்க்க இழைமாற்றச் சோதனை எளிது. ஃபைஎக்ஸ்174 பேஜின் 5386 கார ஒற்றை இழை வட்டத்தை, காரக் கணக்கில் 20 மைக்ரோமோலார் எடுத்தால், ரெக்ஏ 6.7 மைக்ரோமோலார் வேண்டும். மெக்னீசியம் 10, ஏடிபி 3 மில்லிமோலார், ஏடிபியைப் புதுப்பிக்க பாஸ்போஈனால்பைருவேட்டும் பைருவேட் கைனேசும். 37 டிகிரியில் ரெக்ஏவைப் பத்து நிமிடம் உட்காரவிட்டு, பிறகுதான் பத்துக் காரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எஸ்எஸ்பி, அதன் பின் நேர்கோட்டு இரட்டை இழை. எஸ்எஸ்பியை முதலில் போட்டால் ஒன்றும் நடக்காது. எஸ்எஸ்பியையே விட்டுவிட்டால், மடிப்புகளில் ரெக்ஏ உட்காராத இடங்களில் மாற்றம் தடுக்கி நிற்கும். பாஸ்போஈனால்பைருவேட் தீர்ந்தாலும் அகரோஸ் ஜெல்லில் மெதுவாக நகரும் பாதி வழிப் பொருள்தான் தெரியும், முழு வட்டம் வராது.

கைவசம் உள்ள வகையின் நிலையைச் சோதிக்க இரண்டு வழிகள். புறஊதா என்றால் நீர்த்த துளிகளைத் தட்டில் வைத்து, மூடியைத் திறந்து, 254 நானோமீட்டர் விளக்கில் சதுர மீட்டருக்கு 0, 5, 10, 20, 40 ஜூல் கொடுங்கள். மூடியிருந்தால் பிளாஸ்டிக் கதிரை மறைத்துவிடும். பிறகு தட்டைப் படலத்தில் சுற்றி இருட்டில் வளருங்கள், வெளிச்சம் பட்டால் ஃபோட்டோலையேஸ் பழுதை நீக்கி முடிவைக் குழப்பும். ரெக்ஏ இல்லாத வகை முதல் ஒன்றிரண்டு அளவுகளிலேயே விழும், ரெக்பி இல்லாதது இடைப்பட்டு நிற்கும். நேரடி முறிவைப் பார்க்க, பிளியோமைசின் குடும்பத்து மருந்தான ஜியோசின் கலந்த தட்டு பொருத்தம். உப்பு லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அமிலகார அளவு 7.5, தட்டுகள் இருட்டில். டிஎன்5 டிரான்ஸ்போசான் சுமக்கும் வகைகளில் பிளியோமைசின் எதிர்ப்பு மரபணு கூடவே இருப்பதால் இந்தத் தட்டு எதையும் சொல்லாது. ரெக்பிசிடி மட்டும் போயிருக்கிறதா என்று தெரிய, மரபணு 2 கெட்ட டி4 பேஜைத் தடவிப் பாருங்கள். டி4 தன் முனைகளை மறைக்கப் பயன்படுத்துவது அந்த மரபணுவின் புரதத்தைத்தான். ரெக்பிசிடியின் நியூக்ளியேஸ் இயங்கும் செல்லில் அந்தப் பேஜால் பிளாக் போட முடியாது, இல்லாத செல்லில் போடும். ரெக்டி மட்டும் கெட்ட வகையிலும் போடும் என்பதை மறக்க வேண்டாம்: அதில் நியூக்ளியேஸ் இல்லை, ஆனால் ரெக்ஏவை ஏற்றும் வேலை கை-தளத்துக்குக் காத்திராமலே நடக்கிறது, மறுசேர்க்கையும் நன்றாகவே நடக்கும். ரெக்பிசிடி முழுதும் போனதையும் ரெக்டி மட்டும் கெட்டதையும் பிரித்துக் காட்ட புறஊதாத் தட்டுதான் மறுபடி வேண்டும்.